லவுட்டர்புருனன் பள்ளத்தாக்கு: ஒரு பகல் போதுமா, நாலு நாள் வேண்டுமா?

மழைக்காகம்:
எல்லோருக்கும் வணக்கம். ஜூன் கடைசி வாரம் குடும்பத்தோடு சுவிட்சர்லாந்து போகிறோம். மொத்தம் ஆறு இரவு. நான், மனைவி, அம்மா (67 வயது, முழங்கால் வலி உண்டு), 12 வயது மகள், மூன்றரை வயது மகன்.

சூரிக்கில் இரண்டு இரவு, லூசெர்னில் இரண்டு, இன்டர்லாக்கனில் இரண்டு என்று போட்டிருக்கிறேன். லவுட்டர்புருனனுக்கு ஒரு பகல். காலையில் யுங்ஃபிராவ்யோக் மலை ரயில் நிலையத்துக்கு ஏறி, இறங்கும் வழியில் அருவிகளைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் மியூரன் கிராமம். மகளுக்கு ஏதாவது சாகசம் செய்தே ஆக வேண்டும். மனைவிக்குக் கிராமம் பார்க்க வேண்டும், ஆனால் "டூரிஸ்டுக்காகப் போட்ட செட் வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அம்மாவுக்கு உட்கார ஓர் இடமும் குடிக்க ஏதாவது சூடாகவும் கிடைத்தால் போதும்.

இந்தத் திட்டம் நடக்குமா?

கால்போனபோக்கு:
நடக்காது.

எட்டுமுழம்:
மேலே உள்ளவர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார், நான் கணக்கோடு சொல்கிறேன்.

இன்டர்லாக்கன் ஓஸ்ட் நிலையத்திலிருந்து லவுட்டர்புருனனுக்கு ரயிலில் 20 நிமிடம். சரி, அதுவரை சுலபம். அங்கிருந்து வெங்கன், கிளைன ஷைடெக் வழியாக யுங்ஃபிராவ்யோக் போக வண்டி மாறி மாறி ஏறக்குறைய இரண்டு மணி நேரம். மேலே குறைந்தது இரண்டு மணி நேரம். இறங்குவதற்கும் அதே நேரம். கீழே வந்து சேரும்போது குழந்தை தூங்கியிருப்பான், உங்கள் முதுகு உங்களுடையதாக இருக்காது. அதன்பின் எந்த அருவி, எந்தக் கிராமம்?

இன்னொன்று. அந்த நிலையம் 3454 மீட்டரில் இருக்கிறது. மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். நல்ல உடம்புக்காரருக்கே படியேறினால் தலை லேசாகச் சுற்றும். அம்மாவையும் சின்னவனையும் கூட்டிப்போவதாக இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கோடையில் இன்டர்லாக்கனிலிருந்து போய்வர ஆளுக்கு 200 பிராங்குக்கு மேல். சுவிஸ் டிராவல் பாஸ் (நாடு முழுக்க ரயில், பஸ்ஸுக்கு ஒரே டிக்கெட்) இருந்தாலும் கடைசிப் பகுதிக்கு 25 சதவீதத் தள்ளுபடி மட்டும்தான். இவ்வளவு கொடுத்துப் போய் மேகத்துக்குள் நின்றுவிட்டு வந்தவர்கள் ஏராளம், அடியேனும் அதில் ஒருவன். காலையில் நேரடி கேமராவைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுக்கலாம் என்ற அறிவு எனக்கு அன்றைக்கு இல்லை.

பெர்ன்வாசி:
தம்பி, நான் பெர்ன் பக்கம் இருபது வருசத்துக்கு மேல இருக்கிறன். எங்கட வீட்டுக்கு வாற சொந்தக்காரர் எல்லாரும் உங்கட மாதிரியேதான் திட்டம் போட்டுக்கொண்டு வருவினம்.

முதலில் அந்த இடத்தின் அமைப்பை விளங்கிக்கொள்ளுங்கள். பனியாறு அரைத்துத் தோண்டிவிட்டுப் போன தொட்டி அது. அடித்தளம் தட்டை, 800 மீட்டர் உயரம். இரண்டு பக்கமும் நெட்டுக்குத்தான கற்சுவர். அந்தச் சுவரில இருந்துதான் 72 அருவி விழுகுது என்று சொல்லுவினம். சுவருக்கு மேலே தட்டுப் போல் ஒரு படி, அதிலதான் மியூரன் (1638 மீ), கிம்மெல்வால்ட் (1363 மீ), எதிர்ப்பக்கம் வெங்கன் (1274 மீ). மியூரனுக்கும் வெங்கனுக்கும் காரில் போகேலாது. ரயில் அல்லது கேபிள் கார்தான். அதனால்தான் அந்த ஊர்களில் இரவு எட்டு மணிக்குப் பிறகு மாட்டு மணியும் தண்ணீர்ச் சத்தமும் மட்டும் கேட்கும்.

ஒருநாள் பயணி கீழே நிலையத்தில் இறங்கி, தேவாலயமும் ஸ்டௌப்பாக் அருவியும் ஒரே படத்தில் விழுகிற அந்த ஒரு வளைவில் நிண்டு படம் எடுத்து, திரும்பிப் போகிறார். பள்ளத்தாக்கு முழுக்கக் கிடக்க, சனம் எல்லாம் அந்த 300 மீட்டர் வீதியில்தான். 2024 இல் காரில் வரும் ஒருநாள் பயணிகளிடம் கட்டணம் வாங்குவதைப் பற்றி ஊராட்சியே கதைக்கத் தொடங்கிவிட்டது.

லூசெர்னைக் குறையுங்கள். சூரிக்கை ஒரு இரவாக்குங்கள். நாலு இரவு இங்கே தங்குங்கள்.

கணக்குப்புலி:
மாற்றுக் கருத்து. எல்லோரும் "தங்குங்கள், மெதுவாகப் பாருங்கள்" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆறு இரவுக்கே கடன் வாங்குகிறவன் எத்தனை பேர்? சூரிக், லூசெர்ன், ரைன் அருவி எல்லாம் திரும்ப எப்போது பார்ப்பான்? நான் லவுட்டர்புருனனை நாலு மணி நேரத்தில் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது, குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை.

எட்டுமுழம்:
@கணக்குப்புலி, நாலு மணி நேரம் என்றால் தப்பில்லை. ஆனால் அதே நாலு மணி நேரத்தில் யுங்ஃபிராவ்யோக்கும் சாகசமும் 'உண்மையான' கிராமமும் வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லையே. அவர் கேட்கிறார்.

செலவைப் பொறுத்தவரை, ஊர் ஊராக மாறுவதுதான் பணத்தைத் தின்னும். ஒரே இடத்தில் சமையலறையோடு விடுமுறை வீடு எடுத்தால் ஐந்து பேருக்கு உணவகச் செலவு பாதியாகும். பாஸ் எடுத்தால் மியூரன், வெங்கன் வரை தனிக்கட்டணம் கிடையாது. ஃபேமிலி கார்டு வாங்கினால் அப்பாவோ அம்மாவோ கூட வரும்போது 6 முதல் 15 வயதுக் குழந்தைகளுக்கு இலவசம். சின்னவனுக்கு எப்படியும் டிக்கெட் வேண்டாம். (அந்தக் கார்டைத் தானாகத் தர மாட்டார்கள். பாஸ் எடுக்கும்போதே கேட்டு வாங்குங்கள்.)

பாறைப்பல்லி:
சாகசம் என்ற வார்த்தையைப் பார்த்ததும் வந்துவிட்டேன்.

மியூரன் - கிம்மெல்வால்ட் கிளெட்டர்ஷ்டைக். பாறைச் சுவரில் இரும்புப் படிகளும் நெடுகிலும் எஃகுக் கம்பியும் அடித்திருப்பார்கள். உங்கள் இடுப்புப் பட்டையிலிருந்து இரண்டு கொக்கி, ஒன்றை மாற்றும்போது மற்றது கம்பியிலேயே இருக்க வேண்டும். 2.2 கிலோமீட்டர், சுமார் மூன்று மணி நேரம், ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் வரை திறந்திருக்கும். மற்ற இடங்களில் ஏறிப் போவோம், இங்கே பெரும்பாலும் இறங்கிப் போகிறோம். கிம்மெல்வால்ட் நெருங்கும்போது 80 மீட்டர் நீளத் தொங்குபாலம். அதற்கு முன்னால் ஓரிடத்தில் வெறும் பாறையில் அடித்த இரும்புக் கம்பிகள் மேல் கால் வைத்து நகர வேண்டும். காலுக்குக் கீழே நேராகப் பள்ளத்தாக்கின் தரை, அங்கே மாடுகள் எறும்பு மாதிரி தெரியும். அந்த இடத்தில் என் நண்பன் ஒருவன் பத்து நிமிடம் அசையாமல் நின்றான். பேசவும் இல்லை. பின்னால் வந்த ஜெர்மன் தாத்தா ஒருவர் பொறுமையாக ஒரு ஆப்பிளை எடுத்துத் தின்று முடித்தார்.

கருவிகள் மியூரனில் வாடகைக்குக் கிடைக்கும். முதல்முறை என்றால் வழிகாட்டியோடு போங்கள்.

மழைக்காகம்:
@பாறைப்பல்லி படிக்கும்போதே உள்ளங்கை வேர்க்கிறது. மகள் இதை என் தோளுக்கு மேலே நின்று படித்துவிட்டாள், இனி விடமாட்டாள். 12 வயதுக்கு ஏற்றதா?

பாறைப்பல்லி:
எடை எவ்வளவு? வயதைவிட அதுதான் முக்கியம். விழும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் அந்தப் பட்டை, 40 முதல் 120 கிலோ வரை உள்ளவருக்காகச் செய்தது. எடை குறைவான பிள்ளை விழுந்தால் பட்டை சரியாகப் பிரியாது, அதிர்ச்சி முழுக்க உடம்பில் இறங்கும்.

மழைக்காகம்:
36 கிலோ.

பாறைப்பல்லி:
அப்போ இந்த வருடம் வேண்டாம். கெஞ்சினாலும் வேண்டாம். அவளுக்கு மியூரனிலிருந்து பாராகிளைடிங் கேட்டுப் பாருங்கள். பயிற்சி பெற்ற விமானியின் முன்னால் உட்கார்ந்து பறப்பது, எடை வரம்பைப் பறக்கவிடுபவர்களே சொல்வார்கள். அல்லது மலைப்பாதையில் ஒரு முழுநாள் நடை.

நடைக்கு முன் பலகை படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வெறும் மஞ்சள் என்றால் சாதாரண நடைபாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்றால் மலைப்பாதை, நல்ல பிடிமானமுள்ள காலணி கட்டாயம். வெள்ளை-நீலம்-வெள்ளை கண்டால் திரும்பிவிடுங்கள், அது கயிறும் பனிக்கோடரியும் பழகியவர்களுக்கு. பலகையில் போட்டிருக்கும் நேரத்தில் ஓய்வு நேரம் சேராது. மூன்றரை வயதுப் பையன் குந்தி உட்கார்ந்து வண்டு பார்க்கும் நேரமும் சேராது. இரண்டால் பெருக்குங்கள்.

ஜூன் கடைசியிலும் 2000 மீட்டருக்கு மேல் நிழற்பக்கங்களில் பனி கிடக்கும். ஒருமுறை நான் சாதாரண ஓட்டக் காலணியோடு அப்படி ஒரு பனித்திட்டைக் குறுக்கே கடக்கப் போய், இருபது மீட்டர் உட்கார்ந்த வாக்கில் சறுக்கி, நல்லவேளை புல்லில் போய் நின்றேன். உள்ளங்கைத் தோல் போனதோடு சரி. மலை மீட்புக்கு ரேகா ஹெலிகாப்டர், எண் 1414. உங்கள் பயணக் காப்பீட்டில் மலை மீட்பு சேர்ந்திருக்கிறதா, கம்பிப்பாதை ஏறுவதை 'அபாய விளையாட்டு' என்று விலக்கியிருக்கிறார்களா என்று பொடி எழுத்தைப் படியுங்கள். ஹெலிகாப்டர் பில் பிராங்கில் வரும்.

மங்கை:
சாகசத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தம்பியின் மனைவி கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் நான் வருகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் கிம்மெல்வால்டில் ஐந்து நாள் இருந்தோம். நூற்றுச் சொச்சம் பேர் வாழும் ஊர். ஆள் இல்லாத ஒரு கடை இருக்கிறது, எடுத்துக்கொண்டு பெட்டியில் காசு போட வேண்டியதுதான். வெயிலில் கறுத்த மரவீடுகள், உத்தரத்தில் கட்டிய ஆண்டைச் செதுக்கியிருப்பார்கள். சுவரை ஒட்டி விறகு அடுக்கியிருக்கும் அழகை நான் வாய் பார்த்துக்கொண்டே நின்றேன், நூல் பிடித்த மாதிரி.

இரண்டாவது நாள் என் பெண் வேலிக்கு அந்தப் பக்கம் இடுப்பளவு புல்லைப் பார்த்ததும் ஓடிப்போய் விழுந்து உருண்டாள். மஞ்சளும் ஊதாவுமாய்ப் பூ. நான் வேறு சிரித்துக்கொண்டே படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வயதான அம்மா கையில் புல் வாரும் மரவாருகோலோடு சரிவில் இறங்கி வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. எங்களுக்கு ஜெர்மன் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம். பெண் உருண்டு சாய்ந்துகிடந்த புல்லைக் கையால் நிமிர்த்திப் பார்த்தார், அது திரும்பப் படுத்துவிட்டது. பிறகு அரிவாள் வீசுகிற மாதிரி கையை வீசிக் காட்டினார். சாய்ந்த புல்லின் மேலே கத்தி வழுக்கிக்கொண்டு போய்விடுமாம். "விண்டர். கௌ. ஈட்," என்றார். குளிர்காலம், மாடு, சாப்பாடு. அவ்வளவுதான் சொன்னார்.

அந்தச் சரிவில் இயந்திரம் நிற்காது. பெரும்பாலும் கையால் வெட்டி, கையால் புரட்டி, மழை வருவதற்குள் கொட்டகைக்குள் சேர்க்க வேண்டும். மறுநாள் சாயங்காலம் வானம் கறுத்தபோது ஊரே சரிவில் நின்றது. கிழவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், உணவகத்தில் எங்களுக்குப் பரிமாறிய பெண், எல்லோரும் வாருகோலோடு. நாங்களும் போய் நின்றோம், அந்த அம்மா என் பெண்ணிடமே ஒரு வாருகோலைக் கொடுத்தார். அவள் உயரத்துக்கு அது இரண்டு மடங்கு.

தம்பி, உங்கள் மனைவி கேட்கிற கிராமம் அதுதான். ஆனால் அது எந்த நாளில் நடக்கும் என்று கால அட்டவணை கிடையாது. வெயில் தொடர்ந்து இரண்டு மூன்று நாள் அடித்தால் நடக்கும். அதற்காகத்தான் தங்கச் சொல்கிறோம்.

கணக்குப்புலி:
அருமையாக எழுதியிருக்கிறீர்கள் அக்கா. ஆனாலும் புல் மேல் குழந்தை உருண்டதற்கா இவ்வளவு? இத்தனை காசு வாங்குகிற ஊரில் புல்லில் கால் வைக்கக்கூடக் கூடாதா?

பெர்ன்வாசி:
கதிர் வந்த நெல்வயலுக்குள்ள இறங்கி உருண்டு படம் எடுப்பியளோ?

அதுதான் விசயம். அது புற்றரை இல்லை, பயிர். கோடையில் மாடுகளை மேலே மலை மேய்ச்சலுக்கு அனுப்பிவிட்டு, கீழே உள்ள புல்லை வெட்டிக் காயவைத்துச் சேர்ப்பினம். குளிர்காலம் முழுக்க மாடு தின்னுறது அந்தக் காய்ந்த புல்லைத்தான். மலைச்சுவரில இருந்து பாரசூட்டோடு குதிக்கிற பேஸ் ஜம்பர்கள்கூட ஒரு அட்டை வாங்கவேணும், அந்தக் காசு அவர்கள் இறங்குகிற புல்வெளிக்காரருக்குப் போகுது. வெட்டி முடிந்த வயலில் கால் வைத்தால் ஒருத்தரும் ஒன்றும் சொல்லமாட்டினம்.

மேய்ச்சலுக்குப் போகிற அந்தப் பருவத்தை யுனெஸ்கோ 2023 இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மாட்டுக்குப் பூச்சூடி இறக்கிக்கொண்டு வாற ஊர்வலம் செப்டம்பரில்தான், ஜூனில் வாறவை அதைத் தேடி ஏமாறவேண்டாம். கன்றோடு நிற்கிற பசுவிடம் மட்டும் கிட்டப் போகாதையுங்கோ. கடந்து போகிற கேட்டை மூடிவிட்டுப் போங்கோ.

இன்னொரு சின்ன விசயம். வழியில் காண்பவருக்கு வணக்கம் சொல்லவேணும். பயண நூல்களில் "கிரூட்சி" என்று போட்டிருக்கும், அது சூரிக் பக்கத்துக்கு. இங்கே "குரூயெசெக்". அதைச் சொன்னால் முகம் மாறுவதைப் பாருங்கள்.

சைவப்பூனை:
சாப்பாடு பற்றி யாரும் பேசவில்லையே! நாங்கள் சுத்த சைவம். போன வருடம் அங்கே ரோஸ்டியும் (துருவி வறுத்த உருளைக்கிழங்கு) ஆல்ப்லர்மக்ரோனனும் சாப்பிட்டே ஓட்டினோம். இரண்டாவது, மக்ரோனியும் உருளைக்கிழங்கும் சீஸும் கலந்து, தொட்டுக்கொள்ள ஆப்பிள் கூழ். கேட்டால் கோமாளித்தனமாக இருக்கும், சாப்பிட்டால் புரியும். ஆனால் பன்றி இறைச்சித் துண்டு போட்டுவிடுவார்கள். "ஓன ஷ்பெக்" என்று சொல்லி உறுதி செய்யுங்கள்.

இன்னும் கறாரானவர்களுக்கு: மலைச் சீஸ் பாரம்பரியமாகக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால்தான் உறையவைக்கப்படுகிறது. எனக்கு இது மூன்றாவது நாள்தான் தெரிந்தது. அதற்குள் ஹோபெல்கேஸை (ஒன்றரை வருடமாவது பழுக்கவைத்து, இழைப்புளியில் சீவின மாதிரி சுருள் சுருளாகத் தருவார்கள்) அரைக் கிலோ காலி செய்திருந்தேன். தெரிந்த பிறகு என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள்.

மழைக்காகம்:
எல்லோருக்கும் நன்றி. லூசெர்ன் போச்சு. சூரிக் ஒரு இரவு, மியூரனில் விடுமுறை வீடு நாலு இரவு, கடைசி இரவு விமான நிலையம் பக்கம்.

நாள் 1: கீழே லவுட்டர்புருனனிலிருந்து ஸ்டெக்கல்பெர்க் வரை தரையிலேயே நடை, வழியில் டிரூமெல்பாக் அருவி. நாள் 2: குரூட்ச்சால்ப் - மியூரன் நடை. நாள் 3: வானிலையைப் பொறுத்து ஷில்ட்ஹார்ன் சிகரம். நாள் 4: சும்மா. சரிதானா?

எட்டுமுழம்:
'நாள் 4: சும்மா' என்பதுதான் திட்டத்திலேயே சிறந்த வரி.

டிரூமெல்பாக்கில் ஒரு சிக்கல். ஐகர், மோன்க், யுங்ஃபிராவ் மூன்றின் பனியாற்று நீரும் மலைக்குள்ளேயே பத்து அருவியாக விழும் இடம், வினாடிக்கு 20,000 லிட்டர் வரை. பாறையே அதிரும். ஆனால் நாலு வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. ஈரப்படிகள் வேறு, அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது. நீங்களும் மகளும் உள்ளே போங்கள். மற்றவர்கள் ஸ்டௌப்பாக் பக்கம் இருக்கட்டும். 297 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது, ஜூனில் பனி உருகுவதால் தண்ணீர் நிறைய இருக்கும். இலையுதிர்காலத்தில் வருபவர்கள் "இதற்கா வந்தோம்" என்று கேட்பார்கள், பாதி வழியிலேயே காற்றில் தூளாகிவிடும். பெயரே அதுதான், 'ஷ்டௌப்' என்றால் தூசி.

ஸ்டெக்கல்பெர்கிலிருந்து மியூரனுக்கு 2024 டிசம்பரில் புதுக் கேபிள் கார் வந்திருக்கிறது, 159 சதவீதச் சரிவு, நாலு நிமிடத்தில் 775 மீட்டர் ஏறும். மகளுக்குச் சாகசம் கணக்கில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெர்ன்வாசி:
குரூட்ச்சால்ப் நடையை அம்மாவுக்கு முழுக்க வைக்காதையுங்கோ. குரூட்ச்சால்ப்பில இருந்து மியூரனுக்கு ரயிலும் ஓடுது, இடையில் விண்டரெக் நிலையம் இருக்குது, அங்கே இறங்கி அரை மணித்தியாலம் இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டு அடுத்த ரயிலில் ஏறலாம். மூன்று மலையும் நேர் எதிரே. ஃபியோன் காற்று வீசினால் கேபிள் காரை நிறுத்திவிடுவினம். (போன் என்று எழுதினால் தொலைபேசி என்று நினைப்பீர்கள்.) தெற்கிலிருந்து மலை தாண்டி வரும் வெப்பக் காற்று அது. அன்றைக்கு மலை கண்ணாடி போலத் தெளிவாகத் தெரியும், ஆனால் போகமுடியாது.

மழைக்காகம்:
போய் வந்துவிட்டோம். கடமைக்கு ஒரு பதிவு.

முதல் இரண்டு நாளும் மழை. ஷில்ட்ஹார்ன் போகவில்லை, யுங்ஃபிராவ்யோக்கும் போகவில்லை. கணக்குப்புலி சிரிக்கலாம். டிரூமெல்பாக் உள்ளே மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், வெளியே வந்ததும் பிடிக்கவில்லை என்று சாதித்தாள். பாராகிளைடிங் மேகத்தால் ரத்து. மூன்றாம் நாள் வெயில் வந்ததும் ஆல்மெண்ட்ஹூபெல் ரயிலில் ஏறி மலர்ப்பாதை நடந்தோம், அதற்கே அவள் சமாதானமாகிவிட்டாள்.

அம்மாதான் ஆச்சரியம். ஊர் நடுவே மரத்தொட்டியில் ஓயாமல் தண்ணீர் விழும் குழாய் ஒன்று இருந்தது. 'குடிநீர் அல்ல' என்று எழுதியிருந்தால் ஒழியக் குடிக்கலாம் என்று தெரிந்ததும், தினமும் காலையில் பாட்டிலோடு அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். நாலாவது நாள் போய்ப் பார்த்தால் ஒரு உள்ளூர்ப் பாட்டியும் பக்கத்தில். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. இருவரும் முழங்காலைத் தொட்டுத் தொட்டுக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மங்கை அக்கா, இதை உங்களுக்காக எழுதுகிறேன். இரண்டாம் நாள் மகன் தன் தொப்பியைக் கழற்றி வேலிக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டான். ஐந்தாறு அடி தூரம்தான், கை நீட்டினால் எட்டாது. உயரமான புல், மழையில் நனைந்து நின்றது. நான் ஒரு காலைத் தூக்கி வைக்கப் போனேன். மகள், "அப்பா, கௌ, ஈட்," என்றாள். காலை எடுத்துவிட்டேன். மகன் அழுதுகொண்டே வந்தான்.

கிளம்புகிற அன்று காலை அந்த வழியாகப் போனால் புல்லை வெட்டி வரிசையாகப் போட்டிருந்தார்கள். தொப்பி வேலிக்கம்பின் மேல் மாட்டியிருந்தது. விளிம்பில் ஓர் ஓரம் அரிவாள் பட்டுக் கிழிந்திருந்தது. இன்னும் அதைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறான், தைக்கவும் விடமாட்டேன் என்கிறான்.

மங்கை:
அந்தத் தொப்பியை ஒரு படம் எடுத்துப் போடுங்கள் தம்பி.